பாய் இழுக்கறதுக்குள்ள

இல்ல தம்பி, நாற்காலி வேணாம், நின்னுக்கிட்டே சொல்லிடறேன். நீங்கதானே இந்தப் போட்டிக்கு ரெஃப்ரி? அந்தத் தாள மட்டும் கொஞ்சம் கீழ வைங்க. இப்ப ரெண்டாவது கோர்ட்டுல முடிஞ்சுதே, அந்த ஆட்டத்தப் பத்தித்தான். ஜெயிச்சவளுக்கு மின்சார ஆபீஸ்ல வேலைன்னாங்க. நீங்க பேர எழுதி அனுப்பிட்டா அவ்வளவுதானே? ஆமா, அந்த ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்திக்கு நான் அம்மா.

புரியுது தம்பி. தோத்தவங்க வீட்டுலேர்ந்து எப்பவும் இப்படித்தான் வந்து நிப்பாங்கன்னு நினைக்கிறீங்க. நான் சண்டைக்கு வரல. எனக்குச் சண்டை போடவும் வராது. ஒரு நிமிஷம், அந்த ஜன்னல் வழியாப் பாத்துக்கறேன். பாய் இழுத்து மண்ணச் சமன் பண்றவர் அந்தக் கோடியிலதான் இருக்காரு. சரி.

என்ன சொல்ல வந்தேன்? இந்த டென்னிஸ் ஆட்டம் எங்க ஆரம்பிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியாமயா இருக்கும். நான் எட்டாவதோட நின்னவ. என் பொண்ணு கோச் பரீட்சைக்குப் படிச்சப்ப, புத்தகத்த மடியில வச்சுக்கிட்டு நான் கேள்வி கேப்பேன், அவ அடுப்புக்கிட்ட நின்னு பதில் சொல்லுவா. மொதல்ல ராக்கெட்டே கிடையாதாமே? பிரான்சுல ஏதோ மடத்துல சாமியாருங்க வெறுங்கையால பந்தத் தட்டி ஆடினாங்களாம். அதக் கேட்டதும் எனக்கு மனசு லேசாயிடுச்சு. பொட்டப்புள்ள அரை டவுசரோட வெயில்ல அலையுதேன்னு புலம்பிக்கிட்டிருந்தவ நான். சாமி கும்பிடறவங்க ஆரம்பிச்சதுதானே, போகட்டும்னு விட்டுட்டேன்.

அப்புறம் கை வலிச்சுது, கையுறை போட்டாங்க. அதுக்கப்புறம் மரக்கட்டை. அப்புறம் ஆட்டுக் குடல முறுக்கி மட்டையில நரம்பு கட்டினாங்க. பந்துக்குள்ள முடிய அடைச்சுத் தைச்சாங்க. ராஜாக்கள்லாம் அரமனைக்குள்ள சுவரெழுப்பி ஆடினாங்களாம். ராஜா அடிச்ச பந்து வெளியன்னு எவன் சொல்லியிருப்பான், தலை வேணுமில்ல? நீங்களும் சிரிக்கிறீங்க பாருங்க. அவளும் அன்னைக்கு அப்படித்தான் சிரிச்சா. ரப்பர் பந்து வந்தப்புறம்தான் அது புல்லுல எகிறிச்சு, ஆட்டமும் வெளிய வந்துச்சு. வெள்ளைப் பந்து டிவியில தெரியலன்னு மஞ்சளாக்கினாங்க. இப்ப பெரிய போட்டியில பந்து கோட்டுல பட்டுதான்னு மனுஷன் பாக்கறதே கொறஞ்சுபோச்சாம், காமிரா பாக்குதாம்.

இதோ, விஷயத்துக்கு வந்துட்டேன். ஐயோ, பாதி இழுத்துட்டாரு. ரெண்டு நிமிஷம் பொறுங்கண்ணேன்னு கெஞ்சிட்டுத்தான் மாடி ஏறினேன். அடுத்த ஆட்டத்துக்கு ஆள் நிக்குதும்மான்னுட்டாரு.

இங்க காமிராவுக்கு எங்க போறது, அம்பயரே இல்ல. அவங்கவங்க பக்கம் விழுந்தத அவங்கவங்கதான் சொல்லணும். மண் கோர்ட்டுன்னா பந்து விழுந்த தடம் இருக்கும். சந்தேகம்னா தடத்தப் போய்ப் பாக்கலாம். அதுக்குள்ள ஒருத்தி அந்தத் தடத்த அழிச்சுட்டான்னா? அந்தப் புத்தகத்துல கடைசிப் பாடமே அதுதான். நான் கேட்டேன், அவ யோசிக்காமச் சொன்னா. அழிச்சவ அந்தப் பாயிண்ட்ட விட்டுக்குடுத்ததா அர்த்தம்னு. சரிதானே தம்பி? ஆங், சரிதானே.

நான் கம்பி வலைக்குப் பின்னாடி, பின்கோட்டுக்கு நேரா உக்காந்திருந்தேன். எனக்குத் தூரப் பார்வை நல்லாத் தெரியும், படிக்கத்தான் கண்ணாடி. கடைசிப் பந்து கோட்டு மேலயே விழுந்துச்சு, சுண்ணாம்பு எழும்பிச்சு. வெளியன்னு இவ விரலக் காட்டினா. எதிர்ல இருந்த பொண்ணு தலையில கைய வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. கை குடுக்கப் போகும்போது இவ வலது காலால அந்தத் தடத்த ஒரு தேய் தேச்சா.

தெரியாமப் பட்டது இல்ல தம்பி. அந்தக் கால எனக்குத் தெரியும். போன வாரம் சுளுக்குன்னு ராவும் பகலும் நான் ஒத்தடம் குடுத்த காலு.

ஆமா, ஜெயிச்சவளுக்குத்தான் நான் அம்மா. தோத்த பொண்ணோட அம்மா கீழ குழாய்க்கிட்ட அதுக்கு மூஞ்சி கழுவிவிட்டுட்டு இருக்காங்க. மூணு வருஷமா இந்த வேலைக்குத்தான் வேண்டிக்கிட்டு இருந்தேன். இன்னைக்குக் காலையிலகூட. சாமி கேட்டதக் குடுத்துட்டாரு, எனக்குத்தான் வாங்கிக்கக் கை நீளல.

வாங்க தம்பி, வந்து பாருங்க. ஷூ தேச்ச இடம் இன்னும் அப்படியேதான் இருக்கும். யார் சொன்னதுன்னு அவ கேப்பா. அம்மான்னே சொல்லுங்க.