மானிட்டரை அணைத்துவிட்டு

சாமுண்டீஸ்வரி: கைய எடுங்க பாய், அந்தக் கீபோர்டுலேருந்து.

யாக்கூப்: நான் கைய வைக்கவே இல்லையேக்கா...

சாமுண்டீஸ்வரி: வச்சீங்க. ஒரு கீ அமுங்குச்சு. எனக்குக் கண்ணுதான் தெரியாது. காது ஊரோட மேக்குக் கோடி பூன் லேயிலேருந்து கெழக்குக் கோடி தெம்பனிஸ் வரைக்கும் கேக்கும்.

யாக்கூப்: தெம்பனிஸ் வரைக்குமா? அப்ப எங்க வீட்ல என் பொண்டாட்டி என்னைத் திட்டுறது...

சாமுண்டீஸ்வரி: அதுக்குக் காதே வேணாம். உங்க குரலைக் கேட்டாலே தெரியுது.

யாக்கூப்: ஹ்ம்... சரி, கோப்பி வாங்கியாந்திருக்கேன். வலது பக்கம், போனுக்குப் பின்னால. பால் ஊத்தாத கோப்பி ஓ, சக்கரை கம்மி.

சாமுண்டீஸ்வரி: லஞ்சமா?

யாக்கூப்: சேச்சே!

சாமுண்டீஸ்வரி: கோப்பியக் குடிப்பேன். அப்கிரேடு மட்டும் கிடையாது.

யாக்கூப்: நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையேக்கா...

சாமுண்டீஸ்வரி: இந்தக் கேட்டரிங் ஆபீஸ்ல மொத்தம் அஞ்சு கம்ப்யூட்டர். நாலுக்குப் புது விண்டோஸ் போட்டாச்சு. அஞ்சாவது என்னுது. இன்னைக்கு மாசக் கடைசி. ஐ.டி. பாக்குற ஆளு கோப்பியோட வந்து, என் பக்கத்துல நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா, கேட்டாத்தான் புரியுமா?

யாக்கூப்: பழசுக்கு இனிமே அப்டேட் வராதுக்கா. கதவைப் பூட்டாம ஊருக்குப் போற மாதிரி. கஸ்டமர் அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் உள்ள இருக்கு. எவனாச்சும் பூந்தான்னா...

சாமுண்டீஸ்வரி: பூந்து என்னத்த எடுப்பான்? யார் வீட்டுக்கு எத்தனை வாளி சாம்பார் போச்சுன்னா?

யாக்கூப்: வெளையாடாதீங்கக்கா. சீரியஸ் லா.

சாமுண்டீஸ்வரி: நானும் சீரியஸாத்தான் சொல்றேன். பன்னெண்டு வருஷமா இந்த நாற்காலில உக்காந்து ஆர்டர் எடுக்கிறேன். ஒரு காதுல கஸ்டமர். இன்னொரு காதுல திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்ற இந்த மிஷின். மிக்ஸி ஓடுற மாதிரி இருக்குன்னு நீங்களே சொன்னீங்க. எனக்கு அதுல ஒவ்வொரு எழுத்தும் தெளிவா விழும்.

யாக்கூப்: தெரியும்க்கா.

சாமுண்டீஸ்வரி: என்ன தெரியும்? இதுக்கு முந்தி நான் இருந்த ஆபீஸைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?

யாக்கூப்: அது... சொன்னதில்லையே நீங்க.

சாமுண்டீஸ்வரி: அங்கேயும் போன் எடுக்குற வேலைதான். ஒரு திங்கக்கிழமை புது சிஸ்டம் வந்துச்சு. கேக்கெல்லாம் வெட்டினாங்க. நான் வந்து உக்காந்து டேப் கீயை அடிச்சேன். காதுல அந்தக் குரல் ‘பட்டன்’னுச்சு. இன்னொரு தடவை அடிச்சேன். ‘பட்டன்.’ திரும்பவும் ‘பட்டன்.’ எந்தப் பட்டன்? சேவ் பண்றதா, அழிக்கிறதா? திரையில அழகழகாப் படம் போட்டிருந்தாங்களாம். அந்தப் படத்துக்கு ஒரு பேரு எழுதி வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.

யாக்கூப்: அப்புறம்?

சாமுண்டீஸ்வரி: சரி பண்றோம், சரி பண்றோம்னாங்க. நாலு மாசம் சும்மா உக்கார வச்சுச் சம்பளம் குடுத்தாங்க. யாரும் ஒரு வார்த்தை திட்டல பாய். எல்லாரும் அவ்வளவு அன்பாப் பேசினாங்க. அதான் தாங்கல. அஞ்சாவது மாசம் பூச்செண்டு குடுத்து அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் வீட்ல கெடந்தேன். லீலா மேடம்தான் கூப்பிட்டு இந்த வேலையக் குடுத்தாங்க. தெனமும் லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல எறங்கி, மிளகாய் அரைக்கிற நெடி வந்ததும் வலது பக்கம் திரும்புறேன் பாருங்க, அந்த எடத்துல எனக்கு ஒரு சந்தோஷம் வரும். தும்மிக்கிட்டே சந்தோஷப்படுவேன். அது போயிடக் கூடாது.

யாக்கூப்: ஒண்ணு கேக்கறேன்க்கா... இந்த மூணு வாரமா மிஷின்ல ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சா?

சாமுண்டீஸ்வரி: அது என்ன மூணு வாரக் கணக்கு?

யாக்கூப்: சும்மா... பொதுவாக் கேட்டேன்.

சாமுண்டீஸ்வரி: பொதுவாக் கேக்கறவங்க ‘எப்படிக்கா போகுது’ன்னு கேப்பாங்க.

யாக்கூப்: சரி. எப்படிக்கா போகுது?

சாமுண்டீஸ்வரி: ஒரு கொறையும் இல்ல. அதனாலதான் மாத்தாதீங்கன்னு... இருங்க, போன். வணக்கம், சொல்லுங்க... ஆமாங்க, ஆர்டர் எடுக்கறது நான்தான்... பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, காலைல பதினொண்ணு... காதுகுத்தா? ரொம்ப சந்தோஷம்... எண்பது பேர், சைவம்... பூன் லேல எந்த பிளாக்?... அட, எங்க பக்கத்து பிளாக்! பிளாக்குக்குக் கீழ தெறந்த எடம் இருக்குல்ல, அந்த வாய்ட் டெக்லயா, வீட்லயா?... சரி, கீழ வாய்ட் டெக்ல. அப்ப மேசை நாங்களே கொண்டாந்துடறோம்... சேமியா பாயசம், முந்திரிப் பருப்பு இல்லாம... பாப்பாவுக்குக் காரம் போடாம ஒரு டப்பா தனியா, அது எங்க கணக்கு... மெசேஜ் வந்துடுச்சா? நன்றிங்க... ம், என்ன சொல்லிட்டிருந்தேன்?

யாக்கூப்: ரெண்டு நிமிஷம்கூட ஆகலைக்கா.

சாமுண்டீஸ்வரி: எண்பது பேர்தானே.

யாக்கூப்: இப்ப எடுத்தீங்களே, அந்த ஆர்டரு...

சாமுண்டீஸ்வரி: ம்.

யாக்கூப்: அதைப் புது விண்டோஸ்லதான் எடுத்தீங்க. மூணு வாரமா எல்லா ஆர்டரும் புதுசுலதான்க்கா. ஏதாச்சும் சொல்லுங்க. திட்டுங்க. அந்தக் கோப்பிய எடுத்து மூஞ்சில ஊத்துங்க, ஆறித்தான் போச்சு.

சாமுண்டீஸ்வரி: என்னைக்குப் போட்டீங்க?

யாக்கூப்: மாச ஆரம்பத்துல, ஒரு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் லீவு. சாவி வாங்கிட்டு வந்து போட்டேன்.

சாமுண்டீஸ்வரி: என்னைக் கேக்காம.

யாக்கூப்: கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்க...

சாமுண்டீஸ்வரி: சொல்லத்தான் செய்வேன். இது என் மேசை. கண்ணு தெரிஞ்ச நாலு பேர்கிட்டயும் என்னைக்குப் போடலாம், எப்ப வசதின்னு கேட்டுத்தானே போட்டீங்க? என்கிட்ட மட்டும் ஏன் கேக்கல?

யாக்கூப்: தப்புதான்க்கா.

சாமுண்டீஸ்வரி: தப்புதான்.

யாக்கூப்: நியாயம் பேச வரல. எப்படிச் செஞ்சேன்னு மட்டும் சொல்லட்டுமா?

சாமுண்டீஸ்வரி: சொல்லித் தொலைங்க.

யாக்கூப்: மொதல்ல ரெண்டு ஞாயிறு எங்க வீட்டு மிஷின்லயே போட்டுப் பாத்தேன். ஹெட்போனை மாட்டிக்கிட்டு மானிட்டரை அணைச்சுட்டேன். திரையப் பாக்காம ஒரு ஆர்டராச்சும் எடுத்துட்டுத்தான் உங்க மேசைக்கு வரணும்னு ஒரு வைராக்கியம். ஒரே ஒரு ஆர்டருக்கு அம்பது நிமிஷம் ஆச்சுக்கா! அதுவும் அந்தக் குரலைத் தாலாட்டுப் பாடுற வேகத்துக்குக் கொறைச்சு வச்சுட்டு. வீட்ல அஃப்னா வந்து, ‘கறுப்புப் பெட்டியப் பாத்து ஏங்க கத்துறீங்க’ன்னு கேக்குறா.

சாமுண்டீஸ்வரி: கத்துனீங்களா?

யாக்கூப்: பின்ன? இப்ப சொன்னீங்களே, பட்டன், பட்டன்னு. எனக்கும் அதேதான் சொல்லுச்சு. நம்ம ஆர்டர் புரோகிராம்ல பதினாலு பட்டன், ஒண்ணுக்கும் பேர் வரல. ஒவ்வொண்ணா உக்காந்து பேர் எழுதினேன். அப்புறம்தான் இங்க வந்து போட்டேன். உங்க பழைய குரலு, பழைய வேகம், நீங்க பழகின கீ எல்லாம் அது அது இருந்த எடத்துலயே வச்சுட்டேன். அன்னைக்கும் மானிட்டரை அணைச்சுட்டு ஆர்டர் எடுத்துப் பாத்துட்டுத்தான் கெளம்பினேன்.

சாமுண்டீஸ்வரி: ஏன் பாய்?

யாக்கூப்: என்ன ஏன்?

சாமுண்டீஸ்வரி: நாலு மிஷின் முடிச்சாச்சு. அஞ்சாவது ஒத்து வரலன்னு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களோட கடற்கரைக்குப் போயிருக்கலாமே.

யாக்கூப்: அதை மட்டும் கேக்காதீங்கக்கா.

சாமுண்டீஸ்வரி: அதைத்தான் கேக்கறேன்.

யாக்கூப்: லீலா மேடம் மேல கோவப்பட மாட்டேன்னு சொல்லுங்க.

சாமுண்டீஸ்வரி: ஆகட்டும், சொல்லுங்க.

யாக்கூப்: போன மாசம் என்னைக் கூப்பிட்டு, ‘இந்த மாசத்துக்குள்ள சாமு மிஷின் மாறலன்னா, ஆர்டரை எல்லாம் மொபைல் ஆப்புக்கு மாத்திடப் போறேன் யாக்கூப், அவங்களுக்கு வேற ஏதாச்சும் பாப்போம்’னாங்க. பயந்து போய்த்தான் சொன்னாங்க, கெட்ட எண்ணம் கிடையாது. ஆனா அந்த ‘வேற ஏதாச்சும்’னா என்னன்னு எனக்குத் தெரியாதா? இன்னும் ஒரு மாசம் டைம் குடுங்க மேடம்னு கேட்டு வாங்கினேன். உங்ககிட்ட சொன்னா நீங்க சோறு தண்ணி எறங்காம உக்காந்திருப்பீங்கன்னு மறைச்சுட்டேன்.

சாமுண்டீஸ்வரி: இப்ப மேடம்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?

யாக்கூப்: அஞ்சும் முடிஞ்சுதுன்னு சொல்லப் போறேன். புதுசு போட்டதுலேருந்து ஒரு ஆர்டர்கூடத் தப்பாப் போகலன்னு சொல்லப் போறேன்.

சாமுண்டீஸ்வரி: ஒண்ணு தப்பாப் போக இருந்துச்சே.

யாக்கூப்: எது?

சாமுண்டீஸ்வரி: மூவாயிரம் வடை.

யாக்கூப்: எந்த வடைக்கா?

சாமுண்டீஸ்வரி: ஆர்டர் பதிஞ்சது ஞாயித்துக்கிழமை மத்தியானம். டெலிவரி மறுநாள் சாயங்காலம், தெம்பனிஸ். கஸ்டமர் பேரு அஃப்னா. உளுந்து வடை, மூவாயிரம்.

யாக்கூப்: யா அல்லாஹ்! முப்பதுன்னுல்ல அடிச்சேன்... டெஸ்ட் பண்ணிட்டு அதை அழிச்சேனேக்கா!

சாமுண்டீஸ்வரி: அழிக்கல. அழகா சேவ் பண்ணிட்டுப் போயிருக்கீங்க. திங்கக்கிழமை காலைல நான் கேன்சல் பண்ணாம விட்டிருந்தா, கீழ சமையல்கட்டுல மருதப்பன் உளுந்து மூட்டையப் பிரிச்சிருப்பாரு. அன்னைக்கு உங்க பிளாக் மொத்தத்துக்கும் அஃப்னா வடை குடுத்திருக்கணும்.

யாக்கூப்: என்னைக் காப்பாத்திட்டீங்க... இருங்க. அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?

சாமுண்டீஸ்வரி: தெரியும்.

யாக்கூப்: பின்ன ஏன்க்கா இவ்வளவு நேரம் போட்டு வாட்டினீங்க?

சாமுண்டீஸ்வரி: கேக்காம என் மேசையத் தொட்டீங்கல்ல? அந்தக் கோவத்துக்கு ஒரு கோப்பி நேரமாச்சும் வாட்ட வேணாமா? நீங்களா வாயத் தொறக்கட்டும்னு பாத்தேன். மேடம் விஷயத்தையும்தான்.

யாக்கூப்: அதுவுமா தெரியும்?

சாமுண்டீஸ்வரி: மேடம் உங்ககிட்ட பேசினது படிக்கட்டுல நின்னு. நான் மேல் படில நின்னேன். எறங்கவும் முடியல, ஏறவும் முடியல.

யாக்கூப்: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. மூணு வாரமா நான் பயந்து பயந்து செத்தேன்.

சாமுண்டீஸ்வரி: சொல்ல முடியல பாய். அந்தத் திங்கக்கிழமை நான் வேலைய விட்டுடறேன்னு லெட்டர் எழுதிப் பையில வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். மேடம் வாய் விட்டுச் சொல்ற கஷ்டத்தை அவங்களுக்குக் குடுக்க வேணாம், நாமளே போயிடுவோம்னு. கடைசியா ஒரு தடவை தொறப்போம்னு மிஷினைத் தொறந்தா, மூவாயிரம் வடை வேணும்னு படிக்குது. மொதல்ல சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. பாத்து அடிக்கிறவங்களுக்கு முப்பது மூவாயிரமா ஆகாது. பாக்காம அடிக்கிறவங்களுக்குத்தான் ஆகும். சேந்த புதுசுல எனக்கு ஆகியிருக்கு, நூறு இட்லி பத்தாயிரமாப் போய் மருதப்பன் மேல ஓடி வந்திருக்காரு. யாரோ ஒருத்தர் என் நாற்காலில உக்காந்து, என்னை மாதிரியே தடவித் தடவித் தப்புப் பண்ணியிருக்காங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. இத்தனை வருஷத்துல எனக்காக யாரும் அப்படி உக்காந்ததில்ல. அங்கேயே லெட்டரைக் கிழிச்சுக் குப்பைல போட்டேன். மூணு வாரமா உங்ககிட்ட நன்றி சொல்லணும்னு வாயத் தொறந்தா அழுகை வருது, அழுதுக்கிட்டு எப்படிப் போன் எடுக்கறது? இப்ப லைன்ல யாரும் இல்ல, அதனால சொல்றேன். ரொம்ப நன்றி யாக்கூப்.