போஹுமீருக்கு வந்த பதில்கள்

நீங்கள் ஸ்னோய்மோவிலிருந்து கொண்டுவந்திருக்கும் வெள்ளரி ஊறுகாய் பிரமாதம். சதகுப்பை கொஞ்சம் தூக்கல்தான். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். எங்கள் புர்னோ கடைகளில் விற்பதெல்லாம் வெறும் புளித்த தண்ணீர். உட்காருங்கள், பிளாஜெனா அம்மா. காலணியைக் கழற்ற வேண்டாம், இது வீடில்லை, அலுவலகம்தானே. காபி இறங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் நின்று நீங்கள் கேட்டீர்கள்: "என் தம்பி வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து என்னை வாத்துன்னுதான் கூப்பிடுவான். இப்ப 'அன்புள்ள அக்கா'ன்னு மெயில் போட்டிருக்கான். அவனுக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சா, இல்ல இதை எழுதினதே வேற யாராவதா?"

நல்ல கேள்வி. போஹுமீருக்கு உடம்பு கல்லாட்டம் இருக்கிறது. அந்த மெயிலை எழுதியது நான். பெயர் ஹெட்விகா, மெயிலில் பார்த்திருக்க மாட்டீர்கள், நான் அவர் பெயரில்தான் எழுதுவேன். முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம். முழுதும் கேட்டால் நீங்களே எனக்கு நன்றி சொல்வீர்கள்.

ஸ்ட்ராகா என்று உங்கள் தம்பி ஒரு மென்பொருள் செய்தாரே, அதை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்களுக்கானது. இலவசம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பழுது கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம். அதைச் சேர்ப்பதா குப்பையில் போடுவதா என்று போஹுமீர் முடிவு செய்வார். நான் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து அதில்தான் எழுதுகிறேன். வேறு எதில் உட்கார்ந்தாலும் எனக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். அதனால்தான் இந்தப் பழைய நெசவாலைக் கட்டடத்துக்கு வேலைக்கு வந்தேன். இங்கே அவர், நான், ஒட்மார், அவ்வளவுதான்.

உங்கள் தம்பியின் ரசனை உங்களுக்குத் தெரியாததில்லை. திரை கறுப்பாக இருக்க வேண்டும், எழுத்து பச்சையாக இருக்க வேண்டும். மவுஸ் ஆகவே ஆகாது. அவருக்கு வந்த மவுஸை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். கீபோர்டில் இருந்த எழுத்துகளை எல்லாம் கறுப்பு மை பூசி அழித்துவிட்டு, "தெரிஞ்சவன் தொடட்டும், தெரியாதவன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கட்டும்" என்றார். அவரவருக்கு ஒரு பிடித்தம், அதில் தப்பில்லை. தன் பிடித்தத்தை அவர் வேதமாக்கியதுதான் தொல்லை.

செவில் நகரத்திலிருந்து ஒருவர், வெள்ளைத் திரை வைக்க வழி உண்டா என்று பணிவாகக் கேட்டிருந்தார். இவர் போட்ட பதில்: "வெளிச்சம் வேணும்னா ஜன்னலைத் திற. என் நிரலைத் திறக்காதே." ஆஸ்ட்ராவாவில் ஒரு ஆசிரியை, யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பழுதைச் சரிசெய்து அனுப்பினாள். "இதை நீ கையால எழுதினியா, காலால எழுதினியா?" என்று கேட்டார். அந்தப் பெண் போனவள் போனவள்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் தன்னோடு ஸ்ட்ராகாவையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டிருந்தது. உதவிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இன்னும் கொஞ்ச நாளில் அது செத்துப்போயிருக்கும், என் கையும் சேர்ந்து முடங்கியிருக்கும்.

அப்போதுதான் அந்தக் கொலாச் பன் விஷயம் நடந்தது. கம்ப்யூட்டர் வேலை செய்கிற எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எவராவது தன் கம்ப்யூட்டரைப் பூட்டாமல் எழுந்து போனால், மற்றவர் அதில் உட்கார்ந்து, 'நாளைக்கு எல்லாருக்கும் கசகசா கொலாச் என் செலவு' என்று அவர் பெயரிலேயே மெயில் போட்டுவிடுவோம். அவர் வாங்கித் தந்தே ஆக வேண்டும், மறுபேச்சு கிடையாது. அன்றைக்கு உங்கள் தம்பி சூப் குடிக்கும் அவசரத்தில் பூட்டாமல் போய்விட்டார்.

ஒட்மாருக்குக் குஷி தாங்கவில்லை. "ஏய் ஹெட்வி, கரடி குகையைத் திறந்து போட்டுட்டுப் போயிடுச்சு! போடு, போடு, டஜன் கணக்குல போடு!"

உட்கார்ந்தேன். கொலாச் மெயிலைப் போட்டேன். பக்கத்தில் வூட்ஜ் நகரத்து ஆள் ஒருவருக்கு அவர் பாதி எழுதிய பதில் கிடந்தது. பாதியிலேயே அந்த மனிதரின் தாயார் வரை போயிருந்தார். அதை அழித்துவிட்டு, 'நல்ல யோசனை, நன்றி, தொடர்ந்து எழுதுங்கள்' என்று அனுப்பினேன். மறுநாள் போஹுமீர் திட்டிக்கொண்டே கொலாச் வாங்கிவந்தார். வூட்ஜ்காரரோ சந்தோஷத்தில் திருத்தங்களாக அனுப்பிக் குவித்துவிட்டார். ஒரு நல்ல வார்த்தைக்கு எவ்வளவு பலன் என்று பார்த்தேன். யாருக்காவது இதில் நஷ்டம் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் நடந்ததற்கெல்லாம் வழி செய்து கொடுத்தவர் அவரேதான். பெரிய நிறுவனம் எதையும் அவர் நம்பமாட்டார். போன் வைத்துக்கொள்ளமாட்டார், அது "காசு குடுத்து வாங்குற ஒற்றன்" என்பார். மெயிலுக்கும் சொந்தமாகவே சர்வர், அதோ அலமாரியில் உறுமிக்கொண்டிருக்கிற பெட்டி. ஆனால் அதைத் துடைத்துப் பராமரிக்க அவருக்குப் பொறுமை ஏது? "இந்தாம்மா, இதை நீ பாத்துக்க. வெளியாள் எவனும் என் லெட்டரைப் படிக்கக் கூடாது" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். வெளியாள் எவனும் படித்ததில்லை. அந்த வாக்கை நான் காப்பாற்றினேன்.

முதலில் வசவுச் சொற்களை மட்டும்தான் எடுத்தேன். அவற்றை எடுத்தால் சில மெயிலில் கையெழுத்து மட்டும்தான் மிஞ்சியது. அதனால் நடுவில் இரண்டு வரி சேர்க்க வேண்டியதாயிற்று. பிறகு முழுதாகவே எழுதிவிடுவது சுலபமாக இருந்தது. ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஆஸ்ட்ராவா ஆசிரியைக்கு அவர் பெயரில் மன்னிப்புக் கேட்டேன், அவளும் வந்தாள். லியுப்லியானாவில் ஒரு மாநாட்டில், ஸ்ட்ராகாவின் போஹுமீரைப் போல் தங்கமான மனிதர் இல்லை என்று பேசினார்களாம். ஒட்மார் அதைக் கேட்டுவிட்டு வந்து, "கரடிக்குக் கல்யாணம் கில்யாணம் ஆயிடுச்சா? தேனா ஒழுகுதாமே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வருகிற மெயிலையும் மாற்ற வேண்டியிருந்தது, அதில் வேறு வழியில்லை. இவர் ஒருவனைக் கழுதை என்று எழுதுவார். நான் அதை 'மிக்க நன்றி' என்று ஆக்கி அனுப்புவேன். அவன் 'உங்கள் அன்புக்கு நான் அடிமை' என்று பதில் போட்டால் இவருக்குச் சந்தேகம் வராதா? ஆகவே அதை, 'சரி, புரிந்தது' என்று சுருக்கிக் கொடுத்தேன். இப்படி வெளியில் போவதும் உள்ளே வருவதும் என் கை பட்டே போயிற்று, வந்தது. ஸ்ட்ராகா செழித்தது.

உங்கள் தம்பிதான் வாடிப்போனார். மத்தியானம் குலாஷ் கறிக்குழம்பைத் தட்டிலேயே கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "எவனும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறான் ஹெட்விகா. சரிங்கறான், சரிங்கறான். எல்லாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. சண்டைதான் அவருக்குச் சோறு. அதைப் பிடுங்கியவள் நான் என்றால், திருப்பிக் கொடுக்க வேண்டியவளும் நான்தானே.

அப்படித்தான் உர்மாஸ் பிறந்தார். எஸ்டோனியாவில் தார்த்து என்ற ஊரில் கணக்கு வாத்தியார். வெள்ளைத் திரை, பெரிய எழுத்து, மவுஸ் இல்லாமல் மூச்சு விடமாட்டார், வாயாடி. அவருடைய வாதங்களுக்கு நான் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. எல்லாம் என்னுடைய பிடித்தங்கள்தான். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை, உர்மாஸுக்கு இருந்தது. 'மவுஸைக் கண்டு பயப்படுகிறவர் பூனையாவது வளர்க்கலாமே' என்று முதல் மெயிலிலேயே குத்தினார்.

உள்ளே இருந்து ஒரு கர்ஜனை கேட்டது. அப்புறம் சிரிப்பு. அந்த மனிதர் சிரித்து நான் அதுவரை கேட்டதே இல்லை. "இந்த உர்மாஸ் இருக்கானே, சுத்த மடையன். ஆனா மடையனுங்கள்லயே ராஜா!" என்று வெளியே வந்து எங்களுக்குப் படித்துக் காட்டினார். அன்றைக்குக் குலாஷ் இரண்டு தட்டு. அதிலிருந்து அவர் காலையில் வருவதே உர்மாஸுக்காகத்தான். கடைசியில் ஸ்ட்ராகாவில் வெள்ளைத் திரையைக்கூடச் சேர்த்துவிட்டார், அதற்கு 'மடையன் திரை' என்று பெயர் வைத்தார். அது என் திரை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எங்கள் மூவருக்கும், இல்லை நால்வருக்கும், அது பொற்காலம்.

அவர்தான் அதைக் கெடுத்தார். ஒருநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "தார்த்துவுக்கு டிக்கெட் போட்டுட்டேன். அந்த மடையனுக்கு ஒரு ஸ்லிவோவித்ஸா பாட்டில் எடுத்துட்டுப் போறேன், குடிப்பானா?" என்றார். சட்டையில் விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. நான்தான் அதைக் கத்தரித்து விட்டேன்.

உர்மாஸை நான் கொல்ல வேண்டியதாயிற்று. காளான் பருவம் என்பதால் காளானைத் தேர்ந்தெடுத்தேன். காட்டில் தவறானதைப் பறித்துச் சமைத்துவிட்டார் என்று அவர் மனைவி மைரே இரண்டு வரி எழுதினாள். போஹுமீர் நின்றுகொண்டே படித்தார். "முட்டாள்… என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, எது தின்னலாம் எது கூடாதுன்னு" என்றார். அப்புறம் அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. நானும் கூடவே அழுதேன். நடிப்பு இல்லை, நம்புங்கள். எனக்கும் உர்மாஸைப் பிடிக்கும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாரம் அவர் உங்களுக்கு எழுதிய மெயில் எனக்கு மனப்பாடம். 'அடி வாத்து, பேச்சுக்கு இருந்த ஒருத்தனும் போயிட்டான். உன் வீட்டு மேல் ரூம் காலியா? சரின்னு சொன்னா வந்துடறேன், நிரந்தரமா. இங்க போதும்.' அவர் எழுதியதில் ஒரு சொல்கூட மாற்றத் தேவையில்லாத ஒரே மெயில் அதுதான். நன்றாக எழுதியிருந்தார். ஆனால் அவர் கிளம்பிவிட்டால் ஸ்ட்ராகா என்னாவது? அதனால்தான் உங்களுக்கு 'அன்புள்ள அக்கா, வேலை அதிகம், இந்த ஆண்டும் வர இயலாது' என்று வந்தது. வாத்து என்று தொடங்க எனக்கு வாய் வரவில்லை. என் வளர்ப்பு அப்படி, அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

நீங்கள் அழுதுகொண்டே எழுதிய பதிலும் வந்தது. 'ஒரு நாளாவது வந்துட்டுப் போடா, மேல் ரூம்ல உனக்குக் கட்டில்கூடப் போட்டு வெச்சிருக்கேன்' என்று. அதை, 'மேல் அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன், தொந்தரவு செய்யாதே' என்று மாற்றிக் கொடுத்தேன். முந்தைய கிறிஸ்துமஸ்களுக்கு நீங்கள் கூப்பிட்டதும் அவருக்குப் போகவில்லை. கெண்டை மீன் வறுத்து இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதற்கு விளிப்பு எதுவும் போடாமல் அழகான ஒரு வாழ்த்து அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? இந்த வாடகைப் பதிலைப் படித்துவிட்டு அவர் கோபப்படவே இல்லை. "அவ சொல்றதும் சரிதான். நான் பேசுன பேச்சுக்கு எவ சேத்துப்பா?" என்றார், அவ்வளவுதான்.

கோப்பையைக் கீழே வைத்துவிடுங்கள், காபி தளும்புகிறது. சூடு மேலே பட்டுவிடும்.

அவரை அந்த நிலையில் விட்டுவிட நான் என்ன ராட்சசியா? மறுநாளே மைரே எழுதினாள். கணவர் விட்டுப்போன கம்ப்யூட்டரில் இந்தப் பாழாய்ப்போன ஸ்ட்ராகா திறக்கமாட்டேன் என்கிறது, இதை எழுதிய புண்ணியவான் வந்து பார்க்கட்டும் என்று. கொஞ்சம் திமிர் பிடித்தவள், அவருக்கு அது பிடிக்கும். கேட்கிறதா, உள்ளே பொரி வறுக்கிற மாதிரி ஒரு சத்தம்? அவர் தட்டுவதுதான். மவுஸ் இல்லாமல் எழுதுவது எப்படி என்று அவளுக்குப் பாடம் நடக்கிறது. இன்று காலை விசில்கூட அடித்தார்.

எழுந்திருக்க வேண்டாம், பிளாஜெனா அம்மா. அந்தக் கதவைத் தட்டினால் இத்தனை பாடும் வீண். அவர் முகத்தில் இப்போதுதான் களை திரும்பியிருக்கிறது. நீங்கள் போய் நின்று எல்லாம் பொய் என்று சொன்னால் அவர் தாங்குவாரா? உர்மாஸை ஒருமுறை பறிகொடுத்தவர். உங்களுக்கு ஸ்னோய்மோ பஸ் இன்னும் இருக்கிறது, நானே டிராம் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன். ஊறுகாய் ஜாடியை நான் அவரிடம் கொடுத்துவிடுகிறேன், கடையில் வாங்கியது என்று சொல்லி.

நீங்கள் மணி அடித்தபோது நான் படித்துக்கொண்டிருந்தது அவர் மைரேவுக்கு எழுதியதைத்தான். 'சொன்னா சிரிப்பீங்க, இந்த உலகத்துல எனக்குன்னு ஒரு நாதி கிடையாது, நீங்க ஒருத்திதான்' என்று எழுதியிருக்கிறார். பதில் போடாமல் அவரைக் காக்க வைப்பது பாவம், வழியை விடுங்கள். நானும் இல்லையென்றால் அந்த மனிதருக்கு வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.