வின்னிபெக்கில் கிடைத்த பொருத்தம்

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க இரண்டு பேர் இருந்தார்கள்.

"மச்சான், மூண்டு வருசமாய்த் தேடினது. கடைசியிலை வின்னிபெக்கிலை அம்பிட்டுது!"

"பொருந்துதோ?"

"அப்பிடியே பொருந்துது! ஒரு நம்பர் பிசகேல்லை!"

பக்கத்தில் கோயில் பையோடு இருந்த அன்ரிக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, பொம்பிளை என்ன நட்சத்திரம்?"

"பொம்பிளை இல்லை அன்ரி, போல்ட்! துவக்கிலை தோட்டாவை உள்ளுக்குத் தள்ளிற துண்டு. முதலாம் உலக யுத்தத்துத் துவக்கு ஒண்டு வச்சிருக்கிறன். பழைய துவக்குச் சேர்க்கிறனான், லைசென்ஸ் இருக்கு. எல்லாத் துண்டிலையும் ஒரே நம்பர்தான் அடிச்சிருக்கும். இதிலை போல்ட் மட்டும் வேறை நம்பர். இப்ப அதின்ரை சொந்தப் போல்ட்டே வந்திட்டுது!"

"நூறு வருசத்துக்குப் பிறகு சோடி சேர்ந்திருக்கு அன்ரி!" என்று மற்றவர் துள்ளினார்.

போனை நீட்டினார்கள். அன்ரி கண்ணாடியை ஏற்றிவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"ஓம், எல்லாத்திலையும் ஒரே நம்பர்தான். வடிவாய் அடிச்சிருக்கிறாங்கள்."

இருவருக்கும் முகமெல்லாம் பல்.

போனைத் திருப்பிக் கொடுத்தபடி அன்ரி கேட்டார்:

"எத்தினை பேரைச் சுட்டதெண்டு எதிலை தம்பி அடிச்சிருக்கு?"