சந்தனப் பொட்டு வைத்த புரதம்

பொருநை ஆறு பொழுதெல்லாம் பாட, அந்தப் பாட்டுக்கு வாழை இலைகள் வரிசையாய்த் தலையாட்ட, அவற்றுக்கு நடுவே ஒரு தமிழாசிரியையும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்த இனிய மாலையிலே, இந்த அவையின் தலைவர், வாழைத்தார் வியாபாரத்தில் இருந்துகொண்டே வெள்ளை வேட்டி கட்டத் துணிந்த வீரத் திருமகனார், பாபநாசம் அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே! பின்வரிசையில் தார் ஏற்றிய லாரியின் மேல் ஏறி அமர்ந்து, மேடையில் இருக்கும் எங்களைவிட உயர்ந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட இளைஞர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே! அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கத் தொடங்கிய தாய்மார்களே! உங்கள் அனைவரின் அன்புக்கும் இந்தக் கிரேஸின் தலை தாழ்ந்த வணக்கம்.

நான் பாளையங்கோட்டையிலே ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். உயிரணுவுக்குள் நடக்கும் வேதியியலைப் பற்றிப் பேசத் தமிழ் வாத்தியாரம்மாவை ஏன் அழைத்தார்கள்? எதுகை மோனைக்கும் எலிக்குஞ்சுக்கும் என்ன உறவு? என் வகுப்பறைக்கு எதிர் அறைதான் ஆய்வுக்கூடம், அவ்வளவுதான் உறவு. அங்கே என்ன கொதித்தாலும் அதன் வாசனை முதலில் என் வகுப்பில்தான் வந்து உட்காரும். என் மாணவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இலக்கணம் படித்தார்கள்.

அந்தக் கூடத்தில் ஆய்வு செய்த இந்த ஊர்ப் பெண் சித்ரலேகாவுக்குப் பாராட்டு விழா என்று அண்ணாச்சி நோட்டீஸ் அடித்துவிட்டார். "பாராட்டெல்லாம் வேண்டாம், விளக்கக் கூட்டம்னு போடுங்க" என்று அவள் அதை மாற்ற வைத்தாள். என்ன அங்கே சலசலப்பு? பட்டம் கிடைத்ததா இல்லையா என்றா? பொறுங்கள் ஐயா, பைய வருகிறேன். பட்டத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் கூட்டம் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடும் என்று எனக்குத் தெரியாதா?

தாய்மார்களே, வாழைப்பூவை நறுக்கியதும் எதிலே போடுகிறீர்கள்? கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள். மோரிலே! ஏன் மோரிலே? இல்லாவிட்டால் கறுத்துப்போகும். சரி, யார் அதைக் கறுக்க வைத்தார்? உங்கள் மாமியாரா? சிரிக்காதீர்கள், மாமியாரும் கூட்டத்தில்தான் இருப்பார்.

உயிரணு என்பது சந்தை நாள் ஏரல் கடைத்தெரு. மூட்டை தூக்குவோர் எத்தனை பேர், எடை போடுவோர் எத்தனை பேர், காவல் நிற்போர் எத்தனை பேர்! அந்த வேலையாட்களுக்குத்தான் புரதங்கள் என்று பெயர். வாழைக்குள்ளே அப்படி ஒரு புரதம் சும்மா உட்கார்ந்திருக்கும். வாழைக்கு வெட்டு விழட்டும், காற்றுப் படட்டும், எழுந்து வந்து காயத்தின் மேல் கறுப்பாய்ப் பூசும். கிருமி நுழையாதபடி வாழை தனக்குத் தானே போட்டுக்கொள்கிற மருந்து அது. நம் வேட்டியில் ஒட்டி உயிரை வாங்குகிற கறை, வாழையின் உயிரைக் காக்கிற கறை. மோரின் புளிப்பு அந்த வேலையாளின் கையைக் கட்டிப்போடுகிறது, அதனால்தான் உங்கள் பூ வெளுப்பாய் இருக்கிறது.

அந்த ஒரே ஒரு புரதத்தை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்தெடுக்கப் புறப்பட்டவள் சித்ரலேகா. இந்த ஊரிலிருந்து கட்டுக் கட்டாய் வாழைத்தண்டு போகும். அரைப்பாள், வடிப்பாள், உப்பிடுவாள், சுழற்றுவாள், மறுபடி வடிப்பாள். எல்லாம் குளிரிலே, எல்லாம் குனிந்தபடியே. நான்கு ஆண்டுத் தவத்தின் முடிவில் அவளுக்குக் கிடைத்தது, சுண்டுவிரல் உயரக் குப்பியிலே கொஞ்சம் தெளிந்த நீர். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். "என்னட்டி, உள்ள ஒண்ணையும் காணலியே?" என்றேன். "அதான் டீச்சர் சுத்தம். கண்ணுக்குத் தெரிஞ்சா அழுக்குன்னு அர்த்தம்" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் டெல்லியிலிருந்து தகவல் வந்தது. ஒரு குழு வருகிறதாம். இந்த ஆய்வுக்கூடம் தொடரலாமா, பூட்டலாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்யுமாம். பூட்டினால் சித்ரலேகாவின் படிப்பும் அந்தப் பூட்டோடு முடிந்தது. எந்த நாளில் வருகிறார்கள்? விஜயதசமிக்கு மறுநாள்! ஆகா, பெரியோர்களே, உங்களில் பாதிப் பேர் இப்போதே தலையில் கை வைத்துவிட்டீர்கள்.

ஆய்வுக்கூடத்தின் தலைவர், என் மதிப்புக்குரிய பேராசிரியர் குமரகுருபரன், இதோ மேடையில்தான் இருக்கிறார். நெற்றி நிறையத் திருநீறு, நெஞ்சு நிறைய விஞ்ஞானம். ஆயுத பூசையன்று ஒரு கரண்டியைக்கூடத் தொடமாட்டார். முந்தின நாள் உதவியாளர் முத்துமாலையிடம் சாவியைக் கொடுத்து உத்தரவு போட்டார்: "எல்லாத்தையும் பூசையில வச்சிரும்வே. ஒண்ணையும் விட்றாதீரும். எதுனால நமக்குப் பெருமையோ, அதுக்குத்தாம் பூசை." சித்ரலேகாவும் புத்தகத்தையெல்லாம் வீட்டுப் பூசையில் வைத்துவிட்டு, தொடக்கூடாது என்று ஊரிலேயே இருந்துவிட்டாள்.

முத்துமாலை நல்ல மனிதர். ஆய்வுக்கூடத்தைக் கழுவினார், துடைத்தார், தோரணம் கட்டினார். தராசுக்குப் பொட்டு, நுண்ணோக்கிக்குப் பொட்டு, சுழலும் இயந்திரத்துக்கு மாலை. பிறகு நின்று யோசித்தார். இந்த அறையிலே எல்லாவற்றையும்விடப் பெருமையான பொருள் எது? அந்தப் பிள்ளை நான்கு வருஷமாய் உயிராய்க் காக்கிற குப்பி அல்லவா? அதை விடலாமா? ஐயா ஒன்றையும் விடாதே என்றாரே! குளிர்பெட்டியைத் திறந்தார், குப்பியை எடுத்தார், சந்தனம் தொட்டார், குங்குமம் வைத்தார். கலைமகள் படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்கும் பொரிக்கும் நடுவிலே கொலு வீற்றிருக்கச் செய்தார். வருஷம் பூராவும் ஓடுகிற குளிர்பெட்டிக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று அதையும் நிறுத்தினார். இரக்கத்திலே குறை சொல்ல முடியுமா?

விஜயதசமிக் காலையிலே சித்ரலேகா வந்தாள். எதிர் அறையில் நான் இருந்தேன், அதனால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். குப்பியை எடுத்தாள். தெளிந்த நீர் திரிந்த பாலாய் இருந்தது. புரட்டாசிப் புழுக்கமும் விளக்குச் சூடும் சேர்ந்து வேகவைத்துவிட்டன. முத்துமாலை முகமெல்லாம் சிரிப்போடு பொரித் தட்டை நீட்டினார். "மொதல்ல இதுக்குத்தாம்மா தீவாரணை காட்டுனேன்" என்றார். அவள் பொரியை வாங்கினாள். வாயில் போட்டாள். மென்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

"சாமிகிட்டதான தாயி வச்சேன்? சாமிகிட்ட வச்சது கெடுமா?" என்று நடுங்கினார் அவர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணே, இதுக்குள்ள என்ன இருந்துதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

முத்துமாலை சொன்னார்: "தெரியாதும்மா. யாரு சொன்னா?"

யாரு சொன்னா! பெரியோர்களே, அந்த இரண்டு சொல்லைக் கேட்டு அந்த அறையில் இருந்த படித்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். குப்பியைக் கழுவியவர் அவர், தண்டைச் சுமந்தவர் அவர், தினமும் கதவைத் திறந்தவர் அவர். திறந்த கதவுக்குள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொன்னோமா? பூசைக்கு முன்னால் சொன்னோமா? புத்தாண்டுக்குச் சொன்னோமா? அட, சும்மா இருக்கையிலாவது சொன்னோமா?

அன்றைக்குச் சொன்னாள் அந்தப் பெண். "புரதங்கிறது ஒரு நீளமான இழைண்ணே. சேலைக்குக் கொசுவம் வைக்கிற மாதிரி அது மடிஞ்சு மடிஞ்சு நிக்கும். அந்த மடிப்புதான் அதுக்கு உசிரு. சூடு பட்டா மடிப்புக் கலைஞ்சிரும். சேல அதேதான், ஆனா கட்டிக்கிட்டு நடக்க முடியாது." முத்துமாலை கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப மறுபடி அரைக்கக் குளுந்தது வேணும். எவ்வளவு வேணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஓடினார்.

பாளையங்கோட்டையில் எல்லாக் கடையும் பூட்டு. மீனுக்கு ஏது ஆயுத பூசை? ஏரலுக்குப் போய் ஐஸ் வியாபாரி மீரா முகைதீன் முன்னால் மூச்சிரைக்க நின்றார். "மீனு எங்கனவே?" என்றார் அவர். "மீனு இல்ல அண்ணாச்சி, வாழத்தண்டு." "வாழத்தண்டுக்கு ஐஸா? ஏம்வே, தண்டு நாறிப் போயிருமா?" முத்துமாலை மூச்சு வாங்கிக்கொண்டே கொசுவக் கதையை அவருக்கும் சொன்னார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, மரத்தூள் போட்டுச் சாக்கிலே சுற்றி, பாளம் பாளமாய் வேனில் ஏற்றி அனுப்பினார்.

அன்று பகல் முழுக்க நாங்கள் தண்டு அரைத்தோம். ஆமாம், நானும்தான்! ஐஸ் தண்ணீரிலே என் கை மரத்துப்போய், மறுவாரம்வரை கரும்பலகையில் என் ஆய்த எழுத்துக்கு இரண்டு புள்ளிதான் விழுந்தது. நான்கு ஆண்டுச் சுத்தத்தை ஒரு பகலில் கொண்டுவர முடியுமா? முடியாது. கிடைத்தது கலங்கலான சாறு. ஆனால் மடிப்புக் கலையாத, உயிருள்ள சாறு.

மறுநாள் குழு வந்தது. தலைவர் ஓர் அம்மையார், டெல்லியிலே குடியேறிய தமிழர். மேசையில் இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்றிலே புதிய சாறு. இன்னொன்றிலே சித்ரலேகா எதை ஊற்றினாள் தெரியுமா? பொட்டு வைத்த குப்பியிலிருந்து அந்தச் செத்த புரதத்தை! நம் பேராசிரியர் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினார். இரண்டிலும் ஒரே மருந்தைச் சொட்டினாள். புதிய சாறு எங்கள் கண் முன்னால் செம்பட்டையாகி, பழுப்பாகி, வாழைக்கறையாய்க் கறுத்தது. செத்தது அப்படியே கிடந்தது.

"இது ஏன் செத்தது? குப்பியில் இதென்ன பொட்டு?" என்றார் அம்மையார்.

முத்துமாலை முன்னால் வந்தார். "நாந்தாம்மா வச்சேன். என்னைய வேண்ணா வேலைய விட்டு அனுப்பிருங்க, அந்தப் புள்ளய ஒண்ணும் செஞ்சிராதீங்க." நம் பேராசிரியரும் எழுந்தார். "வைக்கச் சொன்னவன் நான்" என்றார். ஐயா, அன்றைக்குத்தான் உங்கள் மேல் என் மதிப்பு இரண்டு மடங்காயிற்று. சித்ரலேகா இருவரையும் விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். "தப்பு எம்மேலதாம்மா. இது என்னன்னு நாலு வருஷமா நான் இவங்ககிட்டச் சொல்லவே இல்ல. இன்னொரு வருஷம் குடுங்க, மறுபடி எடுத்துக் காட்டுதேன்" என்றாள்.

அம்மையார் குப்பியை எடுத்து அந்தப் பொட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒரு வருஷம் தருகிறேன். திரும்ப வருவேன். ஆனால் அன்றைக்குக் கேள்வி உன்னிடம் இல்லை, இவரிடம். இந்தக் குப்பியில் என்ன இருக்கிறதென்று இவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பூட்டுத்தான்."

எப்பேர்ப்பட்ட நிபந்தனை பாருங்கள்! அந்த வருஷம் சித்ரலேகா மறுபடி அரைத்தாள், மறுபடி வடித்தாள். ஒவ்வொரு படியிலும் முத்துமாலைக்குச் சொன்னாள், நல்ல நெல்லைத் தமிழிலே சொன்னாள். அகப்படாத சொல்லுக்கு எதிர் அறைக்கு ஓடி வந்தாள். என் வாழ்நாளிலே நான் தமிழாசிரியையாய் உண்மையில் பயன்பட்டது அந்த வருஷம்தான். என் கண் கலங்குகிறது, பரவாயில்லை, கலங்கட்டும்.

அம்மையார் சொன்னபடி வந்தார். புதிய குப்பியைத் தூக்கிப் பிடித்தார். "முத்துமாலை, இது என்ன?"

அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "வாழைக்கு வெட்டு விழுந்தா இதுதாம்மா ஓடி வந்து மூடுது. குளுந்து இருந்தாத்தான் மடிப்பு நிக்கும். மடிப்புக் கலைஞ்சா ஆளு இருக்கும், வேல நடக்காது."

அம்மையார் தலையை அசைத்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். முத்துமாலை நகரவில்லை. தலையைச் சொறிந்தார். "யம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா? மனுசனுக்கு வெட்டுப்பட்டா எதும்மா ஓடி வருது?"

அம்மையார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அதுவும் புரதம்தான் ஐயா. அது இழை இழையாய்ப் பின்னி இரத்தத்தை நிறுத்துகிறது" என்றார். முத்துமாலை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தண்டு வெட்டி வெட்டி விழுந்த பழைய தழும்புகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். "அப்ப இதையெல்லாம் மூடுனது நம்மாளுதானா!" என்றார்.

ஆம், ஆய்வுக்கூடம் திறந்தே இருக்கிறது. ஆம், லாரி மேல் இருப்பவர்களே, பட்டம் கிடைத்துவிட்டது, கைதட்டுங்கள்! ஆனால் எந்தக் கைதட்டலுக்காக இந்தக் கூட்டம்? அறிவு யாருக்குச் சொந்தம்? அரைத்தவருக்கா, வடித்தவருக்கா, ஆங்கிலத்தில் எழுதியவருக்கா? கேட்கத் துணிந்தவருக்குச் சொந்தம்! கேட்கும் துணிவு எப்போது வரும்? சொல்லும்போது வரும், நம் மொழியில் சொல்லும்போது வரும், பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துச் சொல்லும்போது வரும்! சொல்லாமல் பூட்டி வைத்த அறிவை எந்தக் குளிர்பெட்டி காப்பாற்றும்?

சித்ரலேகா, எழுந்து வாட்டி. இதோ ஒலிவாங்கி. இது உன் ஊர். உன் தண்டெல்லாம் இவர்கள் தோளில் வந்தது, அந்தத் தோள்களுக்குக் கணக்கு இல்லை, கணக்கு வேண்டாம், விளக்கம் மட்டும் வேண்டும். ஊர் மக்களே, இவள் பேசும்போது விளங்காவிட்டால் மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள். கையைத் தூக்குங்கள். "என்னட்டி சொல்லுத, திரும்பச் சொல்லு" என்று கேளுங்கள். அதைவிடப் பெரிய பொன்னாடை இவளுக்கு வேண்டாம்.

இவ்வளவு நேரம் பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கும், நடுவிலே மடக்கிக் கேட்ட வாய்களுக்கும் நன்றி கூறி, உங்கள் முதல் கேள்வியை எதிர்பார்த்து உட்காருகிறேன். வணக்கம்.

யாரது, லாரி மேலே கை தூக்கியிருப்பது? கேளும்வே, கேளும்!