பொய் மருத்துவமனையில் ஒரு மெய் வலிப்பு

மாண்புமிகு சங்கத் தலைவர் அவர்களே! மேடையை அணிசெய்யும் மூத்தோர்களே! விளக்குத் தூக்கும் வீரர்களே, வசனம் வடிக்கும் வல்லுநர்களே! வீட்டு வேலையையும் வெளி வேலையையும் முடித்துவிட்டு, களைப்பைக் காட்டிக்கொள்ளாமல் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஒப்பனைக்காரியின் பணிவான வணக்கம்.

பிறர் முகத்துக்கு வண்ணம் பூசுவது என் தொழில். இன்று என் முகத்தில் எதுவும் பூசாமல் நிற்கிறேன். ஏன் தெரியுமா? பேச வந்தது பூசி மெழுகுகிற விஷயம் அல்ல, வெட்கப்படுகிற விஷயம்.

என்ன அங்கே முணுமுணுப்பு? முன்பல் இரண்டைக் காணோமே என்கிறீர்களா? அதைச் சொல்லத்தானம்மா வந்திருக்கிறேன்!

நீங்கள் வீட்டில் விரும்பிப் பார்க்கும் மருத்துவமனைத் தொடரில்தான் எனக்கு வேலை. அங்கே நாங்கள் பார்க்காத வைத்தியம் உண்டா? ஓய்ந்து நேர்கோடாகிவிட்ட இதயத்தை ஷாக் கொடுத்து எழுப்பியிருக்கிறோம். நிஜ டாக்டர்கள் அப்போது ஷாக் கொடுக்கவே மாட்டார்களாம். எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்துத் தலையாட்டியிருக்கிறோம். நெஞ்சில் பாய்ந்த குண்டை எடுத்த கையோடு நோயாளியை வசனம் பேச வைத்திருக்கிறோம். சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். "கதைதானே!" என்றோம்.

அந்தக் கதை ஒருநாள் என் வாய்க்குள் புகுந்தது.

எனக்கு வலிப்பு நோய் உண்டு. மாத்திரை போட்டால் அடங்கியிருக்கும். தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்களோ என்று பயந்து யாரிடமும் மூச்சு விட்டதில்லை. படப்பிடிப்பு நெருக்கடியில் மாத்திரையைத் தவறவிட்ட ஒரு பகல். அறுவைச் சிகிச்சைக் காட்சி. கதாநாயகரின் நெற்றி வியர்வையை ஒற்றப் போனவள், அப்படியே சாய்ந்தேன்.

எண்ணிப் பாருங்கள்! சுற்றிலும் எத்தனை வெள்ளை அங்கிகள்! எத்தனை ஸ்டெதஸ்கோப்புகள்! கட்டில் உண்டு, கருவி உண்டு, கண்ணாடிக் குப்பிகள் உண்டு. வைத்தியம் தெரிந்தவர்தான் ஒருவரும் இல்லை!

நிறுத்தாமல் விட்ட கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. உடம்பு தேறித் திரும்பியதும் இயக்குநரிடம், "அத நான் பாக்கணும் சார்" என்றேன்.

"வேணாம்மா, அழிச்சிடறோம்."

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடறேன் சார்."

எடிட்டிங் அறையில் உட்கார்ந்தேன். கதவோரம் ஒருவர் வந்து நின்றார். நாங்களெல்லாம் 'பெரிய டாக்டர்' என்று அழைக்கும் அந்தக் கதாநாயகர்.

திரையில் நான் துடிக்கிறேன். முதலில் ஓடிவந்து மண்டியிடுவது அவர்தான். கெட்டவர் இல்லை ஐயா, தங்கமான மனிதர்! பதறிப்போய், தொடரில் பேசும் அதே கம்பீரக் குரலில் கத்துகிறார்: "நாக்கு உள்ள போயிடும்! ஸ்பூன் கொண்டாங்க! கையக் கால அழுத்திப் பிடிங்க!" முந்தின வாரம் ஒரு வலிப்புக் காட்சியில் அவர் பேசிய வசனம், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நர்ஸ் வேடம் போட்ட பெண்கள் என் கைகால்களை அமுக்குகிறார்கள். யாரோ சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணிக்கிறார்கள். பல்லிடுக்கில் ஸ்பூன் நுழைகிறது. மடக்கென்று ஒரு சத்தம். இன்னொருவர் தண்ணீரை ஊற்றுகிறார். என் முகம் நீலம் பாரிக்கிறது.

என் உடை நனைந்திருந்தது. அதையும் பார்த்தேன். உடைப் பிரிவு அக்கா ஒரு வெள்ளை அங்கியை எடுத்து என் இடுப்பின் மேல் போர்த்துகிறார். அந்தத் தளத்தில் வெள்ளை அங்கி செய்த ஒரே வைத்தியம் அதுதான்!

தண்ணீர் நுரையீரலுக்குள் போய், நிஜ மருத்துவமனையில் கிடந்தேன். டியூட்டி டாக்டர் என் வாயைப் பார்த்துவிட்டு, "நாக்கெல்லாம் எங்கயும் போகாதும்மா. யாரு இப்படிப் பண்ணது?" என்று கேட்டார். கூட இருந்த அக்கா தலைகுனிந்து சொன்னார்: "டாக்டர்தாங்க... டிவி டாக்டர்."

எடிட்டிங் அறையில் படம் ஓடி முடிந்தது. கதவோரம் விசும்பல்.

"நான்தாம்மா ஒடச்சேன்."

"தெரியும் சார்."

"காப்பாத்தறேன்னு நெனச்சேன்மா. நாம எப்பவும் அப்படித்தானே பண்ணுவோம்..."

வெட்கம் அவருக்கு மட்டுமா? எழுதியவர் ஒரு டாக்டரைக் கேட்டாரா? இயக்கியவர் கேட்டாரா? உண்மை தெரிந்தும், வேலை போய்விடுமோ என்று பயந்து, அந்தக் காட்சிக்குப் பவுடர் பூசிக்கொண்டு நின்றவள் நான். நானாவது வாய் திறந்தேனா?

"சரியா எப்படின்னு சொல்லும்மா, எடுத்துடுவோம்" என்றார் இயக்குநர். நோயாளியாகப் படுக்க ஒரு நடிகையைக் கூப்பிட்டார்.

"நானே படுக்கறேன் சார்" என்றேன்.

ஒளித்து ஒளித்து வைத்த நோயை ஒளிவெள்ளத்தில் கிடத்தினேன். பெரிய டாக்டர் குனிந்தார். அமுக்கவில்லை. வாயில் எதையும் வைக்கவில்லை. இடிக்கும் மேசையை நகர்த்தினார். தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்தார். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, என்னை ஒருக்களித்துத் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். அவ்வளவுதான்! என் நெற்றி வியர்வையை அவரே ஒற்றினார். அது நடிப்பில்லை.

அது டிவியில் வந்ததா என்றா கேட்கிறீர்கள்? இல்லை தாய்மார்களே! "சும்மா பக்கத்துல உக்காந்திருக்காரு, இதுல என்ன விறுவிறுப்பு?" என்று வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் எதைப் போட்டார்கள் தெரியுமா? பழைய ஸ்பூன் காட்சியை! கதாநாயகரின் மலரும் நினைவு என்று!

அதோடு அவர் தொடரை விட்டு விலகிவிட்டார். இதோ, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். நிமிருங்கள் ஐயா! குனிய வேண்டிய தலைகள் இன்னும் எத்தனையோ இருக்க, உங்கள் தலை மட்டும் ஏன் குனிய வேண்டும்?

வெட்கப்படுவோம் தோழர்களே! கேட்காமல் எழுதியதற்கு வெட்கப்படுவோம். தெரியாமல் நடித்ததற்கு வெட்கப்படுவோம். தெரிந்தும் வெட்டியதற்கு வெட்கப்படுவோம்! எந்த வீட்டில், எந்தப் பிள்ளையின் வாயில், நம்மைப் பார்த்து எவர் ஸ்பூனைத் திணிக்கிறாரோ! தலைவர் அவர்களே, வைத்தியக் காட்சி எடுக்கும் தளத்தில் வைத்தியம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும் என்று இன்றே தீர்மானம் போடுங்கள். அப்படி ஒருவர் இல்லாத தளத்தில் இனி என் கை வேலை செய்யாது.

இன்னும் ஒன்றே ஒன்று. என்னைப் போல இந்த நோயை மறைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இந்த அரங்கில் உண்டா? எழுந்திருக்க வேண்டாம். பெயர் சொல்ல வேண்டாம். கையை உயர்த்தினால் போதும்.

...

பார்த்துவிட்டேன் அம்மா. அழாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவரே, விலகாதீர்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த அவைக்கு என் நன்றி. உயர்ந்திருக்கும் அந்தக் கைக்கு என் வணக்கம்.