தண்ணி உண்டு, மறைவு உண்டு

— வண்டிச் சாவி என்ர மடியில இருக்குது அம்மிணி. வருசம் திரும்பட்டும், நானே கொண்டாந்து உன்ர கையில குடுக்கறேன். இப்பக் கேக்காதே.

— வருசம் திரும்புனதுக்கப்புறம் அந்தச் சாவி எதுக்குங்ணா? ஆசை தீராமப் போனவிங்களுக்கு வருசத்துக்குள்ள தீத்து வெக்கோணும்னு கருமாதியன்னைக்கு அத்தன சனத்துக்கு முன்னால சொன்னது ஆரு? சின்னையன்னு ஒருத்தரு. என்ர கூடப் பொறந்தவரு.

— சொன்னேன், இல்லீங்குல. மச்சானுக்கு ஏதாச்சும் கொறை இருந்துச்சான்னு மொறைக்குக் கேட்டேன். ஒரு வேட்டி துண்டு, நாலு பேத்துக்குக் கறிச்சோறுன்னு சொல்லுவேன்னு பாத்தா, நீ உள்ள போயி நோட்டக் கொண்டாந்து நீட்டிப் போட்டே. பன்னெண்டு மாசம், பன்னெண்டு எடம், வண்டிக்குள்ளயே குடித்தனம். வடகரப்பதியில இப்பிடி ஒரு ஆசை எவனுக்காச்சும் வந்து கேட்டிருக்கறயா?

— நோட்டு மேல அவரு பேருதான இருக்குது?

— இருக்குது. காளிச்சாமின்னு கொட்டக் கொட்டையா இருக்குது. அதுனாலதேன் சனம் வாயடச்சுப் போச்சு. ஆனா தீத்து வெக்கறதுக்கு நீயே போகோணும்னு ஆரு சொன்னது? நாம் போறேன். பன்னெண்டு எடத்துலயும் ஒரு சூடத்தப் பத்த வெச்சுப் போட்டு பஸ்ஸுலயே திரும்பி வந்தர்றேன். பத்து நாள் சோலி.

— சூடம் காட்டறதுக்கு அதென்ன கோயலுங்களா? எடத்துக்கு ஒரு மாசம் குடியிருக்கோணும்னு எழுதியிருக்குது. உங்களால அண்ணிய உட்டுட்டு ஒரு ராத்திரி வெளிய படுக்க முடியுமா?

— நாயத்த மாத்தாதே. தாலி கட்டுனவரு போயி நாப்பது நாளாகுல. வருசம் முடியாம வாசப்படி தாண்டக் கூடாதுன்னு ஒரு மொறை இருக்குதா, இல்லியா?

— இருக்குது. நாந் தாண்டுலீங்ணா. வண்டிக்குப் பொறத்தால போயிப் பாருங்க.

— என்னத்தப் பாக்கறது?

— கதவுக்குக் கீழ.

— பலகையாட்ட என்னமோ... அட, மஞ்சப் பூச்சு. இது உங்கூட்டு வாசப்படியல்ல?

— அதேதேன். நேத்து ஆசாரியக் கூப்புட்டுப் பேத்தெடுத்து, வண்டியில வெச்சு அறையச் சொல்லிட்டேன். படிய நான் தாண்டக் கூடாதுன்னுதான சொன்னீங்க. படியும் எங்கூடவே வருது.

— ஏ மயிலாத்தா, உனக்குப் புத்தி பெரண்டு போச்சா? அப்ப தண்ணிக்குக் கூட எறங்காம உள்ளயே உக்காந்திருப்பயா?

— ஊட்ல இருந்தாலும் கெணத்துக்கும் கட்டுத்தறிக்கும் போகாம முடியுமா? அதுக்கு எறங்கற மாதர இதுக்கும் எறங்குவேன்.

— சன்னல்ல வெள்ளையாத் தொங்குதே, அதென்ன?

— நீங்க போட்ட கோடிச் சேலதேன். நெம்ப நல்ல துணிங்ணா. ரெண்டாக் கிழிச்சேன், ரெண்டு பக்கத்துச் சன்னலுக்கும் சரியாப் போச்சு. வெயிலும் அண்டாது, ஒருத்தரு எட்டிப் பாக்கவும் முடியாது.

— பொறந்த ஊட்டுக் கோடியத் திரை கட்டிப் போட்டாளே. நாளைக்கு எம்பட மூஞ்சியிலதேன் துப்புவாங்க. தங்கச்சிய அடக்கி வெக்கத் தெரியாதவன்னு பங்காளிகெல்லாம் சிரிப்பாங்க. இதுல இந்த ஆளு வேற. காலையிலிருந்து வண்டிக்கடியில கால நீட்டிப் படுத்துக் கெடக்கறான், ஆரு இவன்?

— அவன் இவன்னு பேசாதீங்க. பேரு பொன்ராஜு. இது பீர்மேட்டு எஸ்டேட்டுல ஆசுபத்திரி வண்டியா இருந்தப்ப பதினோரு வருசம் ஓட்டுனவரு. மூணு வருசத்துக்கு முன்னால நாம தக்காளி கொண்டு போறதுக்குன்னு ஏலத்துல எடுத்தமல்ல, அப்ப மலையிலிருந்து எறக்கிக் கொண்டாந்து உட்டவரும் அவருதேன். பொன்ராஜு, சித்த வெளிய வாங்க. எங்கண்ணனுக்குச் சொல்லுங்க.

— வணக்கம் அண்ணாச்சி. பிரேக்கு பாத்துட்டுக் கெடந்தேன், கேட்டிகளா. வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. எத்தன பிரசவத்துக்கு அந்த மலையில ஏறி எறங்குன வண்டி. நாலு பிள்ளைய வண்டிக்குள்ளயே பெத்துருக்காக.

— அது கெடக்குது தம்பி. நீ எதுக்கு வந்தே? இவகூட வண்டியோட்டிட்டுப் போறதுக்கா? அது மட்டும் நடக்காது, இப்பவே சொல்லிப் போட்டேன்.

— அய்யய்யோ, நான் சாயங்காலம் பொள்ளாச்சி பஸ்ஸுக்குப் போயிருவேன் அண்ணாச்சி. குருவம்மா தேடுவா, எம் பொஞ்சாதி. பிரேக்கையும் கிளச்சையும் ஒருக்கா பாத்துட்டுப் போன்னு அக்கா கார்டு போட்டிருந்தாக. காளிச்சாமி அண்ணாச்சி தவறிட்டாகன்னு அதுலதான் தெரிஞ்சுது. மனசு கேக்கல, வந்துட்டேன்.

— அப்ப வண்டிய ஆரு ஓட்டறது?

— நாந்தேன்.

— நீயா?

— தோட்டத்துல டிராக்டர் ஓட்டறதப் பாத்திருக்கறீங்கல்ல? வண்டிக்கும் லைசென்சு எடுத்து ஒரு வருசமாச்சு. பாலக்காட்டுல ஆபீசர் பக்கத்துல உக்காந்து, ரயில்கேட்டு வரைக்கும் ஓட்டச் சொல்லிப் பாத்துப் போட்டுத்தேன் குடுத்தாரு.

— எனக்கு ஒரு பேச்சு சொல்லுலயே.

— சொல்லியிருந்தா அன்னைக்கே சாவிய வாங்கி மடியில கட்டியிருப்பீங்க.

— தம்பி பொன்ராசு, நீயாச்சும் ரோசிச்சுச் சொல்லு. ஒத்தப் பொம்பள. காடு, மலை, யான. எங்க மச்சானுக்குத்தேன் இப்பிடி ஒரு கிறுக்கு இருந்துச்சுன்னா, அதுக்கு இவ பலியாகோணுமா?

— கிறுக்குன்னு சொல்லாதிய அண்ணாச்சி. அவுக எம்புட்டு ரோசனையா எடம் பாத்திருக்காகன்னு எனக்குத் தெரியும். மூணு வருசமா எனக்குக் கடுதாசி போட்டுல்லா கேட்டுட்டு இருந்தாக.

— கடுதாசியா? மச்சானா?

— ஆமா. மாசத்துக்கு ஒண்ணு வந்துரும். தண்ணி எங்க இருக்கு, வண்டி நிக்க சமமா எடம் இருக்கா, ராத்திரி ஒரு சத்தம் குடுத்தா ஓடி வரதுக்கு ஆளு இருக்கான்னு. ஆனி மாசம் பீர்மேட்டுல தங்கலாம்னு மொதல்ல எழுதியிருந்தாக. வேண்டாம் அண்ணாச்சி, மழை விடாது, அட்டை கால விடாது, ரோடு எப்பச் சரியும்னு தெரியாதுன்னு பதில் போட்டேன். சித்திரைக்கு மாத்திட்டேன்னு மறு தபால்ல எழுதுனாக.

— நோட்டக் குடு அம்மிணி. எங்க... பீர்மேடு, பீர்மேடு... ஆமா. ஆனின்னு எழுதி, அடிச்சு, சித்திரைன்னு போட்டிருக்குது. இந்தத் தம்பி சொல்றது நெசந்தேன்.

— நெசமில்லாமயா இவரு அத்தன தூரத்திலிருந்து வந்தாரு?

— சும்மா இரு, படிக்கறேன். 'தை. மீன்கரை அணைக்குக் கெழக்க, ஆலமரத்து மேடு. தண்ணி உண்டு, மறைவு உண்டு. கூப்புடு தூரத்துல ஊடு ரெண்டு. மாசி. மறையூருக்கு இந்தப்பக்கம். ஆத்துக்குள்ள எறக்கக் கூடாது, மேட்டுலயே நிறுத்தோணும். தண்ணி உண்டு, மறைவு உண்டு.' ஆடி மாசத்துக்கு நம்ம கணவாயிக் காட்டுக்கே திரும்பி வரோணுமாமா. 'காத்துக்கு வண்டி முதுகக் காட்டி நிறுத்தோணும், அடுப்பு கெழக்கால.' மச்சான் அடுப்பு வரைக்கும் ரோசிச்சிருக்கறாரு பாரு.

— எனக்கும் அதான் ஆச்சரியம் அண்ணாச்சி. ஒரு கடுதாசில கேட்டிருந்தாக, ஊத்துக்கிட்ட குளிக்கறதுக்கு மறைவு இருக்கா, பாதையில போறவன் கண்ணுல படாம இருக்குமான்னு. குருவம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். பொஞ்சாதி குளிக்க மறைவு தேடுத மனுசன் இருக்காரு பாரு, நீயும் இருக்கியேன்னு என்னைய ஒரு வாரம் பேசிட்டா.

— மச்சான் அப்பிடித்தேன் தம்பி. வாயில பேச்சு வராது, மனசுக்குள்ள இவள வெச்சுத் தாங்குவாரு. ஊட்டுக்குக் கல்யாணப் பத்திரிக்க கொண்டாந்து குடுத்தாக்கூட, கண்ணாடி இல்லீங்க, மயிலாத்தா படிக்கட்டும்னு இவ கையிலதேன் குடுப்பாரு. பேப்பர் வந்தாலும் அதே பேச்சுத்தேன். எங்க போனாலும் கண்ணாடிய வெச்ச எடத்துலயே மறந்துட்டு வந்துருவாரு. பொண்டாட்டி கொரல்ல கேக்கறதுல ஒரு கொண்டாட்டம்.

— அண்ணா, பங்குனிக்கு என்ன இருக்குதுன்னு படிங்க. அதுலதேன் பொன்ராஜு என்னமோ கொறை சொன்னாரு.

— 'பங்குனி. மூணாறு. பழைய பாலத்துக்கு மேல, பலாமரத்தடி.'

— அது ஆகாதுக்கா. அந்த மரத்த இப்ப வர வழியிலதான் எறங்கிப் பாத்தேன். காய் பிடிச்சிருச்சு. பழம் வாசம் அடிச்சுதுன்னா ஆன நேரா அங்கதான் வரும். வண்டிய ஒண்ணும் பண்ணாதுன்னு நெனக்காதிய. முதுகு சொறியுததுக்குச் சாஞ்சாலே வண்டி பொரண்டுரும்.

— கேட்டயா அம்மிணி? இதுக்குத்தேன் நான் தலதலயா அடிச்சுக்கறேன்.

— கேட்டேன். அப்ப பலாமரம் வேண்டாம். வேற எடம் சொல்லுங்க பொன்ராஜு.

— ஃபேக்டரிக்குப் பொறத்தால லயத்துக்குப் போற ரோட்டுல, கோயிலுக்கு எதுத்தாப்புல சமமா ஒரு எடம் கெடக்கு. குழாய்த் தண்ணி வரும். எங்க சித்தி வேலுத்தாய் அந்த லயத்து வீட்டுலதான் இருக்கு. ஃபீல்டு ஆபீசர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடணும், அம்புட்டுதான். வண்டிய மட்டும் மூக்கு எறக்கத்தப் பாத்து நிறுத்துங்க. பேட்டரி படுத்துட்டாலும் உருட்டி விட்டா எடுத்துக்கிடும்.

— மறைவு?

— குழாய்க்குச் சுத்தி ஓலை கட்டியிருக்காக.

— சரி, அதேதேன். அண்ணா, நோட்டக் குடுங்க. அடிச்சு எழுதிக்கறேன்.

— எடு கைய. மச்சான் எழுத்து மேல உன்ர கிறுக்கலு ஏறக் கூடாது. அஞ்சாங் கிளாஸோட நின்னவ நீ. பென்சிலக் குடு, நான் எழுதறேன்.

— நின்னனா, நிறுத்துனீங்களா?

— பழச எதுக்குக் கெளறறே? அப்ப அய்யனுக்கு மேலுக்குச் சொகமில்ல. மாடு மேய்க்க ஆளு வேணும். பொட்டப் புள்ள படிச்சு என்ன பண்ணப் போவுதுன்னு நெனச்சேன். எல்லாரும் அப்பிடித்தேன் நெனச்சாங்க.

— எல்லாரும் நெனைக்குலீங்ணா. நான் நெனைக்குல.

— அக்கா, அண்ணாச்சி எழுதட்டும். ஒரே எடந்தான?

— எழுதட்டும், எழுதட்டும். நல்லா அழுத்தி எழுதச் சொல்லுங்க.

— 'மூணாறு. ஃபேக்டரிக்குப் பொறத்தால, கோயலுக்கு எதுக்க.' அப்புறம் என்ன போடோணும்? ஆ... 'தண்ணி உண்டு, மறைவு உண்டு.' எழுதியாச்சு. பாரு, மச்சான் எழுத்து முத்தாட்ட இருக்குது. என்ர எழுத்து அதுக்குப் பக்கத்துல கோழி சீச்சதாட்ட இருக்குது.

— எழுதுனதுக்கப்புறம் உங்களுக்கும் இதுல பங்கு வந்துருச்சு. சாவியக் குடுங்க.

— குடுக்குலீன்னா?

— குடுக்காட்டி வாசப்படி இல்லாத ஊட்டுக்குள்ள ஒரு நாளும் போக மாட்டேன். இதே வண்டிக்குள்ள, இதே களத்துல, வருசம் பூராவும் உக்காந்திருப்பேன். ஊரே வந்து பாக்கும். ஆரு தங்கச்சின்னு கேக்கும்.

— தம்பி, இவ சொன்னாச் செய்வா. பத்து வயசுல பள்ளிக்கொடத்த உட்டு நிறுத்துனப்ப மூணு நாள் சோறு தொடுல. நாங் கும்பிட்டுத்தேன் உண்ண வெச்சேன்.

— பேசாமக் குடுத்துருங்க அண்ணாச்சி. பாத்துக்கிடலாம். பீர்மேடு வந்தா எங்க வீடு இருக்கு, கேட்டிகளா.

— இந்தா. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ. உன்ர பேச்சுக்குப் பயந்து நாங் குடுக்குல. உனக்காவன்னு இருந்தா இந்தச் சாவியக் கெணத்துல வீசியிருப்பேன். மச்சான் கைப்பட எழுதுன எழுத்து இருக்குதல்ல, அந்த எழுத்துக்காவக் குடுக்கறேன்.

— பொன்ராஜு, சக்கரத்துக் கல்ல எடுத்துருங்க.

— எடுத்துட்டேன்க்கா. சாவியத் திருப்புங்க. அம்புட்டுதான், எடுத்துக்கிடுச்சு. சத்தத்தக் கேட்டிகளா அண்ணாச்சி, புது வண்டி மாதிரி.

— மீன்கரை போயிச் சேந்ததும் மச்சான் பேரச் சொல்லி ஒரு தேங்கா ஒடச்சுரு அம்மிணி. அவரு ஆத்துமா குளுரட்டும்.

— ஒடைக்கறேன். கதவ உட்டுப் போட்டுத் தள்ளி நில்லுங்ணா. கியர் போட்டாச்சு.

— என்னமோ சொல்ல வாயெடுத்தியே?

— எனக்காவ இருந்தாக் கெணத்துல வீசியிருப்பேன்னு சொன்னீங்க. அதக் கேட்டுப் போட்டு ஊமையாப் போறதுக்கு எனக்கு மனசு வருல. இருவத்திரெண்டு வருசம் அவரு மானத்த நாங் காப்பாத்துனேன். என்ர கடுதாசிகளத் தபால் பெட்டியில கொண்டு போயிப் போட்டு, என்ர ஆசைய அவரும் காப்பாத்துனாரு. கண்ணாடிய எப்பவும் மறந்துட்டு வருவாருன்னு சொன்னீங்கல்ல, அந்தக் கண்ணாடிய நீங்க ஒரு நாளாச்சும் பாத்திருக்கறீங்களா?

— இல்ல. ஏன் கேக்கறே?

— அவருக்குக் கண்ணாடியே கெடையாதுங்ணா. நோட்டு அட்டையில இருக்கற பேரு மட்டுந்தேன் அவரு எழுதுனது.