ஆடிப்பெருக்குக்கு வருகிறது

மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் தாமதம் என்று மைக்கில் சொன்னால், பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். நான் கொட்டமாட்டேன், மேடம். ஸ்டேஷனுக்கு எதிரே சொட்டுநீர்ப் பைப் விற்கிற கடையில்தான் எனக்கு வேலை. தினமும் பார்க்கிறேனே. வந்து நின்ற ரயிலில் எல்லாரும் முண்டியடித்து ஏறிவிடுவார்கள். இன்னும் வராத ரயில்தான் நமக்கே நமக்கு என்று இருக்கும்.

ஆற்றில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்கினால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். குருவின் கேமிலிருந்து தொடங்குகிறேன்.

குருவும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவன் இன்ஜினியரிங் முடித்துப் பெங்களூரில் வேலைக்குப் போனான். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு கேம் செய்யப் போகிறேன் என்று வீட்டு மாடி அறையில் வந்து உட்கார்ந்துகொண்டான். நிர்மலாதேவி பையனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரே பேசியது. நான் மட்டும் பேசவில்லை. கடை மூடியதும் நேராக அந்த மாடிக்குத்தான் போவேன். அவன் செய்வான், நான் விளையாடிப் பார்த்துக் குறை சொல்வேன். எங்கள் ஏற்பாடு அதுதான்.

கேம் எளிமையானது. ஒகேனக்கல் பரிசல்காரன். ஆட்களை ஏற்றிக்கொண்டு, பாறையில் இடிக்காமல், சுழியில் மாட்டாமல் கரை சேர்க்க வேண்டும். குரு அதில் ஒரு விசேஷம் வைத்திருந்தான். ஆற்றில் இன்றைக்கு நிஜமாக எவ்வளவு தண்ணீர் வருகிறதோ, அதே அளவு கேமிலும் வரும். காவிரியில் இத்தனை கன அடி என்று காலைச் செய்தியில் சொல்வார்களே, அந்த எண்ணை நான் அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவன் அதைக் கம்ப்யூட்டரில் போடுவான். அன்றைக்கு யார் விளையாடினாலும் அந்த வேகத்தில்தான் ஆறு ஓடும். "நான் டிவியெல்லாம் பாக்கறதில்லடா மாப்ள, நீ சொல்றதுதான் எனக்குச் செய்தி" என்பான்.

இன்னொன்றும் உண்டு. பரிசல்காரனுக்குக் குரல் கொடுத்தவன் நான். "குனிஞ்சுக்கோங்க, பாறை வருது." "ஆடாம உக்காருங்க சாமி." வெள்ளம் வந்தால், "தண்ணி ஏறுதுங்க, கரைக்கு வந்துருங்க." கடைசி வரியை மட்டும் பலமுறை பேசிப் பதிவு செய்தோம். பயம் தெரிய வேண்டும், ஆனால் பயமுறுத்தக் கூடாது என்பான் குரு. அது சரியாக வந்த அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

கேமின் சின்னத் துண்டு ஒன்றை அவன் யூடியூபில் போட்டு, பொங்கலுக்கு வருகிறது என்று எழுதினான். அதற்கு இவ்வளவு கூட்டம் சேரும் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. மதுரைக்காரன், கோயம்புத்தூர்க்காரன், துபாயில் வேலை செய்கிறவன் என்று எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். குருவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு ஏனோ சோறு இறங்கவில்லை.

பொங்கலுக்கு வரவில்லை. பரிசல் சில நேரம் பாறைக்குள்ளேயே புகுந்து போய்விடுகிறது என்று நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். அது நிஜமான குறை, சத்தியமாகச் சொல்கிறேன். சித்திரைக்கு வருகிறது என்று தேதியை மாற்றினான். கீழே கமெண்டில் ஒருவர், "அண்ணா, போன்ல எடம் வேணும்னு கல்யாணப் போட்டோவையெல்லாம் அழிச்சிட்டேன், வூட்டுல சோறு போடல" என்று எழுதியிருந்தார். "எம்புள்ள காலேஜ் போறதுக்குள்ள வந்துருமா" என்று இன்னொருவர். அவசரமில்லை ப்ரோ, நிதானமாகச் செய்யுங்கள் என்று சில நல்லவர்கள். ஏமாற்றுக்காரன் என்று திட்டியவர்களும் உண்டு. ஒவ்வொன்றாக நான் படிப்பேன். அவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போகிற அந்த ஆற்றில் நான் ஒருவன் மட்டும் தினமும் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தேன். பந்தி போடுவதற்கு முன்னால் சமையற்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது போல. அந்தச் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சித்திரைக்கும் வரவில்லை. துடுப்புச் சத்தம் சரியில்லை என்றேன். கொஞ்சம் சரியில்லைதான். நான் அதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

தீபாவளிக்கு என்றான். அப்போது சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. கேம் நன்றாக இருந்தது. அதனால், நடு ஆற்றில் ஆட்டம் திடீரென்று நின்றுவிடுகிறது என்று சொன்னேன். அப்படி எதுவும் நிற்கவில்லை, மேடம். இல்லாத ஓட்டையைத் தேடி மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்தான். கண்ணெல்லாம் வீங்கிப்போயிற்று. கமெண்டில் அசிங்கமாகத் திட்டினார்கள், அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடுவான். நான்தான் சாப்பிட வைப்பேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தன் இல்லைனா எம்புள்ள என்னாயிருப்பானோ கண்ணு" என்று அழுதார்கள். அது வெறும் வார்த்தை இல்லை. அவனிடம் அந்த அளவு பொறுமையாக இருந்தது நான் ஒருவன்தான்.

"எனக்கு ஒரு தடவை கூட நிக்க மாட்டேங்குது கிரி. உனக்கு மட்டும் எப்படிறா நிக்குது?" என்று கேட்டான். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அவனுக்கு என்மேல் சந்தேகமே வராது. இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று தருமபுரியில் இருக்கிற விக்டரிடம் கொடுத்தான்.

விக்டரை உங்களுக்குத் தெரியும், இதே போலீஸ் ஸ்டேஷனில் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எல்லாம் சொல்லியிருப்பான். கேம் விளையாடி யூடியூபில் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பைபிள் வாசகம் வாசிக்கிற குரல். அவன் ஒரே நாளில் முழுவதும் ஆடி முடித்துவிட்டு, "ப்ரோ, எங்கயும் நிக்கலயே. வெண்ணெய் மாதிரிப் போவுது. இன்னும் எதுக்கு வெச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டானாம். குரு அதை என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் எத்தனை குறை கண்டுபிடித்துக் கொடுத்தபோதும் அந்த வெளிச்சம் வந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

அன்றைக்கே அறிவித்துவிட்டான். ஆடிப்பெருக்குக்கு வருகிறது. இந்த முறை மாற்றமில்லை.

அடுத்த சில நாளில் புதிதாக மாற்றியதை எனக்கு அனுப்பினான். கடையில் யாருமில்லாத நேரம் பார்த்துத் திறந்தேன். பரிசலில் ஆட்கள் ஏறினார்கள். ஆறு நகர்ந்தது. "குனிஞ்சுக்கோங்க, பாறை வருது" என்றான் பரிசல்காரன். அது என் குரல் இல்லை.

மாலையில் மாடிக்குப் போனேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவன் தொடங்கிவிட்டான். "உன் வாய்ஸ்ல காத்துச் சத்தம் நெறையக் கலந்துருச்சுடா மாப்ள. விக்டர் நல்ல மைக்ல பேசிக் குடுத்தான். கோச்சுக்காத, என்ன?"

"இதுல கோச்சுக்க என்னடா இருக்குது. கேமுக்கு எது நல்லதோ அதப் பண்ணு" என்றேன். அம்மா தோசை ஊற்றிக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறவன். அன்றைக்கு அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. இன்னும் ஒரு தடவை தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன். தள்ளிப்போனால் விக்டர் சலித்துப்போய் விலகிவிடுவான், நாங்கள் இரண்டு பேரும் பழையபடி இருப்போம்.

வெளியிட ஒரே ஒரு வேலைதான் பாக்கியிருந்தது. தண்ணீர் குறைவாக இருக்கும்போது பாறைகளுக்கு நடுவே ஒரு சலசலப்பு வருமே, அதை ஆற்றுக்குள் உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும் என்றான். கேமைத் திறந்ததும் முதலில் கேட்பது அந்தச் சத்தமாகத்தான் இருக்க வேண்டுமாம். "தண்ணி கம்மியா வர்ற அன்னைக்குச் சொல்லுடா, போயிட்டு வந்துரலாம்."

ஆடி மாதத்தில் அப்படிப்பட்ட நாள் அபூர்வம். நான் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தேன். அன்று காலைச் செய்தியில், மேலே மழை பிடித்து, அணையில் திறந்துவிட்ட தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, மதியத்துக்குள் ஒகேனக்கல்லில் ஏறிவிடும், பரிசல் ஓட்டத் தடை வரும் என்றார்கள். நான் குருவுக்கு முந்தின நாள் எண்ணையே அனுப்பினேன். கூடவே, "இன்னைக்குத் தண்ணி கம்மி, வாடா போலாம்" என்றும் அனுப்பினேன். உடனே ஒரு கும்பிடும் ஒரு பரிசல் படமும் அனுப்பினான்.

என் வண்டியில்தான் போனோம். பென்னாகரத்தில் டீ குடித்தோம். பரிசல் துறைப் பக்கம் போகவில்லை, அங்கே சுற்றுலாக்காரர்கள் சத்தம். மேலே, ஆடு மேய்க்கிறவர்கள் மட்டும் வருகிற கரைக்குப் போனோம். அங்கே தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. குரு பேண்ட்டை மடித்துக்கொண்டு நடந்துபோய் நடு ஆற்றில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தான். காற்றுச் சத்தம் விழாமல் ரோம உறை போர்த்திய மைக்கை நீட்டிப் பிடித்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

பதிவு செய்யும்போது எங்களுக்குள் ஒரு சட்டம். அவன் கண்ணை மூடிக்கொள்வான். அவனாகக் கை தூக்கும் வரை யாரும் பேசக் கூடாது, செருமக் கூடக் கூடாது. ஒருமுறை அவன் அம்மா மாடிக்கு வந்து சாப்பிடக் கூப்பிட்டதற்கு ஒரு நாள் வேலை வீணாகிப் போய், அம்மாவிடமே எரிந்து விழுந்தான். அந்தச் சட்டத்தை ஒருபோதும் மீறாதவன் நான் மட்டும்தான். கரையில் ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் விக்டர் சொன்னதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் சொன்னது சரிதான். அன்று மதியம் அவன் வீட்டில் டிவியில் ஒகேனக்கல் வெள்ளத்தைக் காட்டியிருக்கிறார்கள். கையில் கேம் திறந்திருக்கிறது, அதில் ஆறு சாதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு வெள்ளத்தில் எண் ஏன் மாறவில்லை என்று அவனுக்கு அப்போதே உறுத்தியிருக்கிறது. குருவின் உடல் கிடைத்து, காரியமெல்லாம் முடிந்து, அந்த எண்ணை அனுப்பியது நான் என்று தெரிந்த பிறகுதான் உங்களிடம் வந்தான். நல்ல மூளை. அதற்குள் குருவின் லேப்டாப்பை அம்மா என்னிடமே கொடுத்துவிட்டார்கள். "எம்புள்ள ஆசைப்பட்டத நீயே முடிச்சு வுட்டுரு கண்ணு" என்றார்கள். அதில் முதல் வேலையாக என் குரலைத் திரும்பவும் போட்டேன். வெளியீடு தள்ளிவைக்கப்படுகிறது என்று குருவின் பக்கத்தில் எழுதினேன். இந்த முறை ஒருவரும் திட்டவில்லை, மேடம். எத்தனை வருஷமானாலும் காத்திருக்கிறோம் என்று எழுதினார்கள். இப்படி முதலிலேயே இருந்திருக்கலாம்.

ஆற்றுக்கு வருகிறேன். முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. டீ நிறத்துக்கு வந்தது. பிறகு நுரை வந்தது, சுள்ளியும் சருகும் வந்தன. அவன் நடந்து போன வழி மறைந்தது. அப்போது நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் இடுப்பளவு தண்ணீரில் நடந்து என் கையைப் பிடித்துக் கரையேறியிருப்பான். நான் எழுந்து நின்றேன், அது உண்மை. ஆனால் அவன் இன்னும் கை தூக்கவில்லை. மூடின கண்ணோடு லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தான், சத்தம் அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது போல. மைக் நனைந்து வெளியீடு தள்ளிப்போனால் போதும் என்று நினைத்தேன்.

பாறைமேல் தண்ணீர் ஏறியபோதுதான் கண்ணைத் திறந்தான். முதலில் ஆற்றைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். மைக்கைக் கீழே போட்டுவிட்டுக் கை தூக்கினான். இரண்டு கையையும் தூக்கினான்.

கை தூக்கினால் பேசலாம் என்பதுதானே ஏற்பாடு. பேசினேன். இருந்த இடத்திலிருந்து அசையாமல், கையைக்கூட நீட்டாமல், அந்த மாடி அறையில் பேசிய அதே அளவில், "தண்ணி ஏறுதுங்க, கரைக்கு வந்துருங்க" என்றேன். அவனுக்குக் கேட்டிருக்காது, ஆற்றுச் சத்தம் அப்படி.

ஆனால் பயம் தெரிந்தது, பயமுறுத்தவில்லை. விக்டர் பேசிக் கொடுத்ததைவிட நன்றாக வந்தது, மேடம்.